காதில் விழுந்தால் போதுமா?

1953ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர் காலின் செர்ரி ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். ஹெட்போன் மாட்டிய ஒருவருக்கு ஒரு காதில் ஒரு பேச்சு, மறுகாதில் வேறொரு பேச்சு. ஒரு காதில் கேட்பதை மட்டும் அவர் உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். முடிந்ததும், மறுகாதில் என்ன கேட்டது என்று விசாரித்தார்கள். ஏதோ பேச்சுக்குரல் என்று தெரிந்திருந்தது. ஆண் குரல் பெண் குரலாக மாறியதும் தெரிந்திருந்தது. ஆனால் பேச்சு நடுவில் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குத் தாவியதை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை! 1959இல் நெவில் மோரே இன்னும் ஒருபடி போனார். கவனிக்காத காதில் ஒரே சொற்பட்டியலை 35 முறை ஒலிக்கவிட்டார். நினைவில் ஒன்றுமே தங்கவில்லை.

ஜெர்மனியில் செவிலியர் வேலைக்குப் போவதற்காக அந்த மொழியை ஆன்லைனில் படிக்கும் நம் ஊர்ப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். இரவுப் பணி முடிந்த களைப்போடு திரைமுன் உட்காருகிறார்கள். பாடம் ஓடுகிறது, மனம் நழுவுகிறது. "எனக்கு மனஉறுதி போதவில்லை" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது நியாயமில்லை. அந்தப் பாடம் மூளைக்கு என்ன வேலை கொடுத்தது என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். செர்ரியின் சோதனையில் ஒரு காதின்மேல் கவனம் பிசகாமல் நின்றதே, கேட்டதை வாயால் சொல்லியாக வேண்டியிருந்ததால்தான்.

புதிய மொழிக்கு வாய் ஏன் அவ்வளவு முக்கியம்? காதில் விழுந்த ஒலி சுமார் 2 விநாடிதான் மனத்தில் நிற்கும். அதை நமக்குள்ளேயே முணுமுணுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் அழியாமல் இருக்கும். மூளைப் பாதிப்பால் இந்தத் திறனை இழந்த ஓர் இத்தாலியப் பெண்ணை ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள். இத்தாலியச் சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நினைவில் வைக்க அவரால் மற்றவர்களைப் போலவே முடிந்தது. காதால் கேட்ட ரஷ்யச் சொற்களில் ஒன்றைக்கூடக் கற்க முடியவில்லை. தாய்மொழிச் சொல்லுக்குப் பொருள் கைகொடுக்கிறது. அன்னியச் சொல்லோ ஆரம்பத்தில் வெறும் ஒலி. 1991இல், உடல்நலம் உள்ளவர்களை வேறெதையோ முணுமுணுக்கவைத்தபடியே ரஷ்யச் சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். அவர்களும் தடுமாறினார்கள்.

படிக்கும்போது பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பாட்டின் வரிகள் நேராக அந்த உள்முணுமுணுப்புக்குள் புகுந்துவிடும். வெறும் வாத்திய இசை அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ஜெஃப்ரி கார்ப்பிக்கும் ஹென்றி ரோடிகரும் 2008இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்ட பிறகும் சில குழுக்களை அதிலேயே திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சொல்லில் சோதனை கிடையாது. சிலர் அதை மீண்டும் மீண்டும் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, சோதிக்கப்பட்டவர்களுக்குச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது. மற்றவர்களுக்கு 35 விழுக்காட்டை ஒட்டித்தான். கூடுதலாகப் படித்தது ஏறக்குறைய எந்தப் பயனும் தரவில்லை. இத்தனைக்கும் எல்லாக் குழுவினரும் முன்கூட்டிக் கணித்தது ஒரே அளவுதான், பாதிக்குப் பாதி. படித்துக்கொண்டிருக்கும்போது நமக்கு வரும் நம்பிக்கையை நம்பக்கூடாது.

நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச்சொல்லும் செயலிப் பயிற்சிகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. கண்ணெதிரே இருக்கும் விடையை அடையாளம் காண்பது எளிது, அதற்குள் மனம் வேறெங்கோ போய்விடும். தொடர்ந்து எத்தனை நாள் வந்தோம் என்ற கணக்கும் வருகைப்பதிவுதான், கற்றலின் அளவு அல்ல. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீடியோ என்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, திரையைப் பார்க்காமல் திருப்பிச் சொல்லுங்கள். 10 நிமிடத்திலேயே களைத்துவிடும். களைக்கட்டும், நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்.

ஆள் துணையும் வேண்டும். பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மாண்டரின் பேசுபவரோடு நேரில் 12 முறை விளையாடிய 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. பெரியவர்கள் குழந்தைகளைப் போலக் கற்பதில்லைதான். ஆனாலும் பதிலுக்காக ஒருவர் காத்திருக்கும்போது மனம் அலைவது கடினம். ஆன்லைன் வகுப்பில் உடன் படிக்கும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை போனில், அன்று படித்த சொற்களை அவர் கேட்க நீங்கள் பார்க்காமல் சொல்லுங்கள், பிறகு நீங்கள் கேளுங்கள்.