கற்பிக்க இயலாதோர் எனப்பட்ட பிள்ளைகள்

இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், இடைநிலைக் கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கிய பெருமைக்குரியது. ஆயினும் அச்சட்டத்தினுள்ளேயே 57ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. அறிவு வளர்ச்சி பெரிதும் குன்றிய பிள்ளையை வைத்திய அதிகாரி ஒருவர் பரிசோதித்து, அப்பிள்ளைக்குப் பாடசாலையிற் கல்வி புகட்ட இயலாது என முடிவு கூறுவாராயின், கல்வி அதிகாரசபை அதனைத் தன் பொறுப்பினின்றும் நீக்கிவிடலாம். பெற்றோருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வரும். அதன்பின் அப்பிள்ளைக்கு வீடு, அன்றேற் பயிற்சி நிலையம், அன்றேற் பெரியதொரு வைத்தியசாலை என்பனவே புகலிடம். ‘இடியட்’, ‘இம்பெசில்’ என்னுஞ் சொற்கள் இன்று வசைமொழிகளாக மட்டும் எஞ்சியுள்ளன; 1913ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அவை வரைவிலக்கணம் பெற்ற சட்டப் பெயர்கள்.

இவ்வேற்பாட்டை வகுத்தோர் யாவரும் இரக்கமற்றவர் எனக் கொள்ளுதல் நியாயமன்று. அவர்களின் முடிவுக்கு ஆதாரமாயிருந்தது ஓர் எண்ணமே. ஒரு பிள்ளை இன்று செய்ய இயலாததை என்றுமே செய்ய இயலாது. ஆகவே முதல்நாள் அளவையே இறுதிநாள் அளவை என்பதே அவ்வெண்ணம். இஃது உண்மைதானா என்பதை எவரும் முறையாகப் பரிசோதித்திலர். வகுப்பின் கடைசி வாங்கிலிருக்கும் மாணவனைப் பற்றி முதலாந் தவணையிலேயே முடிவு கட்டிவிடும் ஆசிரியரும் இவ்வெண்ணத்தின் வயப்பட்டவரே.

அப்பரிசோதனையைச் செய்தவர்களுள் கிளார்க், ஹெர்மெலின் என்னும் உளவியலாளர் இருவர் குறிப்பிடத்தக்கவர். இலண்டனை அடுத்த எப்சம் நகரில், மேனர் வைத்தியசாலையில் வாழ்ந்த வளர்ந்தோர் சிலரை அவர்கள் தேர்ந்தனர். நுண்மதி ஈவு 50க்குங் கீழ்ப்பட்டவர்களாதலின், பயனுள்ள தொழில் எதனையும் இவர்கள் செய்யார் என்பதே அந்நாட் கொள்கை. துவிச்சக்கரவண்டிக் காற்றுப்பம்பின் உறுப்புகளை உரிய ஒழுங்கிற் பொருத்துதல், நிற வேறுபாடறிந்து மின்கம்பிகளைப் பற்றாசு வைத்து ஒட்டுதல் முதலிய வேலைகள் இவர்களுக்குப் பழக்கப்பட்டன. தொடக்கத்தில் அவர்கள் பட்ட இடர் மிகப்பெரிது. பயிற்சி தொடரத் தொடர, அவர்கள் எய்திய திறன் தொடக்க நிலையை வைத்து எவரும் எதிர்பார்த்திராத அளவினதாயிற்று. 1955இல் ‘லான்செற்’ வைத்திய சஞ்சிகையில் வெளிவந்த இம்முடிவின் சாரம் யாதெனில், தொடக்கத் திறனைக் கொண்டு இறுதித் திறனைக் கணித்தல் இயலாது என்பதே. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பகுத்தல், ஒவ்வொரு படியிலும் பிழையற்ற அசைவையே முதலிலிருந்து பழக்குதல், விரைவைக் காட்டிலுஞ் செம்மையைப் பாராட்டுதல், இடைவெளி விட்டுப் பயிற்றுதல், கற்றபின்னரும் மீளமீளச் செய்வித்தல் என்பன அவர்கள் கண்ட வழிகள். நல்லாசிரியர் எவருக்கும் இவை புதியன அல்ல. தேவைப்பட்டது கூடுதலான காலமே.

அக்காலத்தை வழங்குவார் யாவர் என்னும் வினா எழும்போது குடும்பம் முன்வருகின்றது. 1946ஆம் ஆண்டில் ஜூடி ஃபிறைட் என்னும் தாயார், தம் பிள்ளையை ஒத்த பிள்ளைகளின் பெற்றோர் தம்மோடு தொடர்பு கொள்ளுமாறு ‘நேர்சரி வேர்ல்ட்’ என்னுஞ் சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். துயரத்தையுஞ் சினத்தையும் உள்ளடக்கிய மறுமொழிகள் பல வந்தன. அவற்றிலிருந்து ஒரு பெற்றோர் சங்கம் உருவாயிற்று. ‘மென்காப்’ என இன்று வழங்கும் அமைப்பு அதுவே. சங்கத்தார் அரசாங்கத்திடம் முறையிட்டதோடமையாது, ஆராய்ச்சிக்கும் ஆதரவளித்தனர். அதன் பயனே 1958இல் தொடங்கிய புறூக்லண்ட்ஸ் பரிசோதனை. உளவியலாளர் ஜாக் டிசாட் என்பார், இலண்டன் பவுண்டன் வைத்தியசாலையில் வாழ்ந்த பிள்ளைகளுள் 16 பேரைப் புறூக்லண்ட்ஸ் என்னும் இல்லத்துக்கு மாற்றுவித்தார். அவர்களுக்கு ஒப்பான வேறு 16 பேர் வைத்தியசாலையிலேயே இருந்தனர். புதிய இல்லத்திற் பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தாய்போற் பராமரிக்கும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். சாதாரண பாலர் பாடசாலையிற் போலவே விளையாட்டும் பேச்சும் நிகழ்ந்தன. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், இவர்களின் மொழி வளர்ச்சி 14 மாத அளவு முன்னேறியிருந்தது. வைத்தியசாலையில் இருந்தோரின் முன்னேற்றம் 6 மாதமே. குறைபாடு நீங்கிற்று என எவருங் கூறவில்லை. குறைபாட்டின் விளைவென்று கருதப்பட்டதில் ஒரு பகுதி, வளர்ப்பிடத்தின் விளைவே என்பது தெளிவாயிற்று.

ஒரு தனி வீட்டினுள் இவ்வுண்மை விளங்கியதற்கு நைஜல் ஹண்ட் என்பவரின் வரலாறு சான்றாகும். 1947இல் டவுன் நோய்க்குறியோடு பிறந்த அவரைப் பற்றி, எவ்வளவு அன்பு காட்டினும் பயனில்லை எனப் பெற்றோருக்குக் கூறப்பட்டது. தந்தையார் ஒரு பாடசாலைத் தலைமையாசிரியர். தாயார் அக்கூற்றை ஏற்காது, எழுத்துகளின் ஒலிகளைக் கொண்டு மகனுக்கு வாசிக்கக் கற்பித்தார். அவர் தட்டச்சும் பழகி, தம் வாழ்வைத் தாமே எழுத, 1967இல் அது நூலாக வெளிவந்தது. பிறப்பியல் அறிஞர் இலயனல் பென்ரோஸ் அதற்கு முன்னுரை வழங்கினார். ‘கற்பிக்க இயலாதோர்’ என்னும் பிரிவு இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒழிந்தது அதற்குப் பின்னரேயாம். 1970இல் நிறைவேறிய சட்டம் 1971 ஏப்பிரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபொழுது, அறிவுக்குறைபாடுடைய பிள்ளைகள் அனைவருங் கல்வி அதிகாரசபைகளின் பொறுப்பாயினர்.

ஆயினும், தாயன்பு இருந்தாற் போதும் என்று இவ்வரலாற்றிலிருந்து முடிவு செய்தல் பெருந்தவறாகும். டிசாட், கிராட் என்போர் இலண்டனில் 250 குடும்பங்களை ஆராய்ந்து 1961இல் ஒரு நூல் வெளியிட்டனர். அவற்றுள் 150 குடும்பங்கள் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தன. 100 குடும்பங்கள் நிலையங்களில் விட்டிருந்தன. வீட்டில் வைத்திருந்தோரே இடநெருக்கடியாலும், அயலாரோடு கலந்து பழக இயலாத தனிமையாலும், நாளாந்தத் தொல்லைகளாலும் மிகுதியாக வருந்தினர். அவர்களுக்குக் கிட்டிய உதவியோ அற்பம். பிள்ளையைக் கைவிடாதவரின் தலையிலேயே சுமை முழுவதும் ஏற்றப்பட்டிருந்தது. பகலிற் சில மணிநேரம் பிள்ளையைப் பொறுப்பேற்கும் ஒரு பாடசாலை, தாய் நோயுற்றால் இரண்டொரு வாரம் தங்கவைக்கும் ஒரு விடுதி, இடையிடையே வந்து வழிகாட்டும் ஓர் அலுவலர் என்பன அக்குடும்பங்களுக்கு வேண்டியிருந்தன. இவை ஆடம்பரமான கோரிக்கைகள் அல்ல.

இச்சுமை இன்று வேறொரு வடிவம் பெற்றுள்ளது. டவுன் நோய்க்குறி உடையோரின் சராசரி வாழ்நாள் 12 ஆண்டு என 1949இல் பென்ரோஸ் கணித்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இருதய சத்திரசிகிச்சையும் வந்தபின், வளர்ந்த நாடுகளில் அஃது ஏறத்தாழ 60 ஆண்டாக உயர்ந்துள்ளது. முன்னர்ப் பிள்ளையை இழந்து வருந்திய பெற்றோர், இன்று தம் மறைவுக்குப் பின் அப்பிள்ளை யாரிடம் வாழும் என்று எண்ணி உறக்கமிழக்கின்றனர். உடன்பிறந்தார் பார்த்துக்கொள்வர் என்னும் நம்பிக்கை பல குடும்பங்களில் வாய்விட்டுப் பேசப்படாமலே இருந்துவிடுகின்றது. தாயுந் தந்தையும் உயிரோடிருக்கும்போதே, மகனோ மகளோ இரண்டு மூன்று பேரோடு ஒரு சிறு வீட்டிற் குடியேறி, வார இறுதியிற் பெற்றோரிடம் வந்துபோகும் ஒழுங்கை இங்கிலாந்திற் சிலர் மேற்கொள்கின்றனர். அதற்குமுன் பேருந்தில் ஏறி இறங்கவும், கடையில் மிச்சக்காசு வாங்கவும், அடுப்பை அணைக்கவும் பழக வேண்டும். எப்சத்திற் காற்றுப்பம்பு பொருத்துவதற்குக் கையாண்டதுபோல், இவ்வேலைகளையுஞ் சிறு சிறு படிகளாகப் பகுத்தே பழக்குகின்றனர்.