காலடியில் ஓர் அடுப்பு

பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு சாப்பாட்டுக் கடையின் முன் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பெரிய பானையில் தால்ச்சா கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் சூடேறிய பருப்பு நடுவே மேலெழுந்தது. ஓரத்தில் ஆறிக் கீழே இறங்கியது.

"பூமிக்குள்ளேயும் இப்படித்தானா, சார்?" என்றான் ஒரு மாணவன். நல்ல கேள்வி அல்லவா?

வெப்பம் மூன்று வழிகளில் செல்லும். குழம்பில் கிடக்கும் இரும்புக் கரண்டியின் காம்பு சுடுகிறதே, அது வெப்பக் கடத்தல். பருப்பு மேலும் கீழும் சுழல்வது வெப்பச் சலனம். அடுப்பைத் தொடாமலே முகத்தில் அனல் அடிப்பது வெப்பக் கதிர்வீச்சு. பூமியிலும் இம்மூன்றும் உண்டு.

பூமியின் மையத்தில் 5,000 டிகிரிக்கும் மேற்பட்ட சூடு இருக்கிறது. பூமி உருவானபோது தங்கிய வெப்பம் ஒரு பங்கு. யுரேனியம், தோரியம் போன்ற தனிமங்கள் சிதைவதால் பிறப்பது மறு பங்கு. நடுவே 2,900 கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை. அது குழம்பல்ல, கெட்டிதான். ஆயினும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அதுவும் மெல்லச் சுழல்கிறது. மேலோட்டைக் கடத்தலால் கடக்கும் வெப்பம், முடிவில் கதிர்வீச்சாக விண்வெளிக்குப் போகிறது. பேராக் மாநிலத்தின் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றில் நாம் முட்டை அவிப்பதும் இந்த அடுப்பின் தயவால்தான்!

ஆனால், இதே அடுப்பு நம்மை அழவும் வைத்தது.

ஆறிக் கனத்த கடலடிப் பாறைத் தட்டு, பானை ஓரத்துப் பருப்பைப் போல, சுமத்திராவுக்கு அடியில் இறங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். விரல் நகம் வளரும் வேகந்தான். நெடுங்காலம் இறுகிப் பிடித்திருந்த இடம், 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குச் சற்று முன் திடீரென நழுவியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. பினாங்கின் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் அந்த ஆட்டத்தை உணர்ந்தார்கள். பிறகு எல்லாம் அடங்கியது.

சுமத்திராவைச் சுற்றிக்கொண்டு ஆழிப்பேரலை பினாங்குக்கு வந்து சேர நான்கு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதற்குள் எத்தனை குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு கடலில் இறங்கியிருந்தன! மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில். அன்றே நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

நான்கு மணி நேரம்! கரையை விட்டு நடந்தே தப்பியிருக்கலாம். அந்நாளில் நம் கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை, பிறகே ஏற்பட்டது. ஆனால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: கடற்கரையில் இருக்கும்போது நிலம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, மீன் பொறுக்க ஓடக் கூடாது. உடனே மேட்டுக்குப் போக வேண்டும். முதல் அலை வடிந்தாலும் இறங்கக் கூடாது. அடுத்தது பெரிதாக வரலாம்.

குழம்புப் பானையைக் காட்டியே இதைச் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.