பாராவுக்கும் பந்தோபஸ்துக்கும் இடையே: கிராமக் காவலரின் ரோந்து

அமெரிக்காவில் ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கு நிகரான ஆட்சிப் பிரிவு ‘கவுன்ட்டி’ எனப்படும். அதன் காவல் தலைவரான ‘ஷெரிஃப்’ அங்குள்ள பெரும்பாலான மாநிலங்களில் மக்களின் வாக்குப் பெற்றுப் பதவிக்கு வருபவர். தனிக் காவல்துறை வைத்துள்ள நகரங்களுக்கு அப்பால் கிடக்கும் சிற்றூர்களையும் பண்ணை நிலங்களையும் அவருடைய துணை அலுவலர்கள், பல வேளைகளில் தனியாளாகவே, காரில் சுற்றிவந்து காக்கின்றனர். கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற கிராமக் காவல் நிலையத்தின் காவலரும் பெயரளவில் இதே வேலையைச் செய்பவரே எனினும், அமெரிக்காவில் ரோந்துக்கென்றே ஆள் நியமிக்கப்படுகிறார். இங்கே பிற வேலைகள் போக எஞ்சிய நேரமே ரோந்துக்குக் கிடைக்கிறது.

ஷெரிஃப் என்ற பதவியும் தமிழகத்துக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக் காலத்திலேயே சென்னைக்கு வந்த அப்பதவி, பிற்காலத்தில் நகரப் பிரமுகர் ஒருவருக்கு அளிக்கப்படும் வெறும் கௌரவமாகச் சுருங்கி, 1998-இல் ஒழிக்கப்பட்டது.

கிராமங்களைக் காத்தது வேறொரு மரபு. ‘பாடிகாவல்’ எனப்பட்ட அம்முறையில், ஊரையும் விளைச்சலையும் காக்கும் உரிமை பெற்றவர் அதற்கு ஈடாக விளைபொருளில் ஒரு பங்கைப் பெற்றார். பொருள் களவுபோனால் அதை மீட்டுத் தரவோ இழப்பை ஈடுசெய்யவோ அவரே கடமைப்பட்டிருந்தார். காவல்காரரே கொள்ளைக்காரராகவும் மாறக்கூடும் என்ற குறை அதில் இருந்தபோதிலும், இழப்புக்குப் பொறுப்பேற்றல் என்ற அந்த ஒரு விதி இன்றைய காவல் சட்டம் எதிலும் இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அம்முறையை ஒழித்த கும்பினி அரசு, காவல் அதிகாரத்தை வரி வசூலிக்கும் அலுவலர்களிடமே ஒப்படைத்தது. அவர்கள் குடிகளை வதைத்துப் பணம் பெற்றதை 1855-இல் வெளியான சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை அம்பலப்படுத்தியதைத் தொடர்ந்து, வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்து 1859-இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பொதுவான 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்துக்கு இரண்டாண்டு மூத்த இச்சட்டமே தமிழகக் காவல்துறைக்கு அடித்தளமாயிற்று.

வெள்ளாற்றுப் படுகை, கரும்பு, முந்திரித் தோப்பு, சற்றுத் தெற்கே அரியலூர் மாவட்ட எல்லை என விரியும் பகுதியில் கருவேப்பிலங்குறிச்சி அமைந்துள்ளது. பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் நகரைக் காப்பதற்கும் இத்தகைய பகுதியைக் காப்பதற்கும் வேறுபாடு பெரிது. கடைத்தெருவில் ஒரு காவலர் நின்றாலே நூறு பேர் அவரைப் பார்க்கின்றனர். ஆற்றில் இரவில் மணல் ஏற்றும் மாட்டுவண்டியையோ, தோப்பு வீட்டின் பூட்டையோ காண்பதற்கு அவர் அங்கே போயாக வேண்டும். ஆகவே நிலைய எல்லை ‘பீட்’ எனப்படும் சிறு சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காவலரின் பொறுப்பில் விடப்படுகிறது. இரவுச் சுற்றில் அவர் உண்மையிலேயே வந்துபோனார் என்பதற்குச் சான்றாகக் கோயில், வங்கி, பூட்டிக் கிடக்கும் வீடு ஆகிய இடங்களில் ‘பட்டா புத்தகம்’ என்ற சிறு நோட்டு வைக்கப்படும்; வந்த நேரத்தை அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அண்மைக் காலமாகப் பல இடங்களில் கைப்பேசிச் செயலி அந்த நோட்டின் இடத்தைப் பிடித்துவருகிறது. ஆயினும் கையொப்பமோ செயலியோ காவலர் வந்ததைத்தான் காட்டும். அவர் எதைக் கண்டார், யாரிடம் பேசினார் என்பதைக் காட்டாது.

இப்பணிக்கு வருபவர் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்விலும் உடல்திறன் தேர்விலும் வென்று, இரண்டாம் நிலைக் காவலராகப் பயிற்சி பெற்று, பெரும்பாலும் சில ஆண்டுகளை ஆயுதப்படையில் கழித்த பின்னரே நிலையத்துக்கு மாற்றப்படுகிறார். நிலையத்திலோ வாயிலில் துப்பாக்கியுடன் நிற்கும் ‘பாரா’, நீதிமன்றத்துக்குக் கோப்பு எடுத்துச் செல்லும் ‘கோர்ட் டூட்டி’, சம்மன் சார்வு செய்தல், கைதியை வழிக்காவலுடன் அழைத்துச் செல்லுதல் ஆகியவை காத்திருக்கின்றன. இவற்றுக்கு மேல் வருவது ‘பந்தோபஸ்து’. தேர்த்திருவிழா, தலைவர்களின் வருகை, தேர்தல், போராட்டம் எது நடந்தாலும் கிராம நிலையங்களிலிருந்தே ஆள் உருவப்படுகிறது. உருவப்பட்டவரின் பீட் அன்றிரவு ஆளின்றிக் கிடக்கிறது. காவலர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்ற அரசாணையே 2021-இல்தான் பிறந்தது என்பதிலிருந்து இந்தச் சுமையின் அளவை ஊகிக்கலாம்.

அதிகாரத்தைப் பொறுத்தவரை, கைதுசெய்யத்தக்க குற்றங்களில் சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆணையின்றியே கைதுசெய்யக் காவலருக்கும் உரிமை உண்டு. ஆனால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவுசெய்வது நிலையப் பொறுப்பு அதிகாரியின் வேலை. எனவே பீட் காவலரின் மெய்யான வலிமை சட்டப் பிரிவுகளில் இல்லை. ஊரை அறிந்திருப்பதில் இருக்கிறது. வரப்புத் தகராறு எந்த அறுவடையில் கைகலப்பாகும், எந்தத் தெருவில் புதியவர் குடிவந்துள்ளார், எந்தக் காதலுக்கு எந்த வீட்டில் பகை மூண்டுள்ளது என்பவை அவருக்கே முதலில் எட்டக்கூடியவை. ஆனால் எட்டிய செய்தி மேலே சென்று பயன்தர வேண்டும். 2003-இல் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் சாதி மாறி மணந்த இளம் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், 2021-இல் கடலூர் நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்த 13 பேரில் அன்று அங்குப் பணியாற்றிய இரு காவல் அதிகாரிகளும் இருந்தனர். அத்தகைய இடத்தில் எத்தனை முறை ரோந்து நடந்திருந்தாலும் அதனால் விளைந்திருக்கக்கூடிய பயன் ஒன்றுமில்லை.

விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் ‘பிராது கட்டுதல்’ என்றொரு வழக்கம் உண்டு: களவுபோன பொருள், தராத கடன், தீராத பகை என எக்குறையையும் தாளில் மனுவாக எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிடுகின்றனர். பிராது என்பது புகாருக்கான பழைய கச்சேரிச் சொல். சாமியிடம் எழுதும் மனுவுக்கு ரசீது கேட்பாரில்லை. காவல் நிலையத்தில் கேட்டே ஆக வேண்டும். புகார் கொடுப்பவர் மனு ஏற்பு ரசீதை வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகல் அவருக்குக் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் நடந்த எல்லை எதுவாயினும் தகவலை எந்த நிலையத்திலும் அளிக்கலாம் என்கிறது. பட்டா புத்தகம் இன்னும் தொங்கும் ஊர்களில் அதை ஒருமுறை புரட்டி, கடைசிக் கையொப்பத்தின் தேதியைப் பார்த்துவைப்பதும் நல்லது.