குரோஷா பொம்மையும் பதிப்புரிமையும்

கதாபாத்திரப் பொம்மைகளைக் குரோஷா ஊசியால் பின்னி விற்க எண்ணும் வல்லம் வடகால் அங்கத்தினர்கள், நூல் வாங்குமுன் பாத்திரத்தின் உரிமையைக் கவனித்தல் வேண்டும். ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நம் நாட்டில் பதிப்புரிமை நீடிக்கும். கல்கி காலமானது 1954-இல். அவருடைய நூல்கள் நாட்டுடைமையும் ஆயின. ஆகவே ‘பொன்னியின் செல்வன்’ ஆழ்வார்க்கடியானைப் பின்னத் தடையில்லை. குட்டையான பருத்த மேனியும் முன்குடுமியும் குரோஷாவுக்கென்றே அமைந்தவை! ஆனால், அக்கதைக்குப் படம் வரைந்த மணியம் மறைந்தது 1968-இல். அவர் ஓவியத்தைப் பார்த்துப் பின்னி விற்பதற்கு 2028 முடியும்வரை அனுமதி வேண்டும். கதையின் வருணனையைக் கொண்டே பின்னுக.

ஆறு கண்ணிகளில் தொடங்கி, சுற்றுக்கு ஆறாகக் கூட்டி, சில சுற்றுகள் கூட்டாது பின்னி, அவ்வாறே குறைத்தால் தலை உருண்டு வரும். ஊசி சிறிதாயிருக்கட்டும், நெருக்கம் குறைந்தால் உள்ளிருக்கும் பஞ்சு தெரியும். வாய் மூடுமுன் பஞ்சை அடைக்கவும்.