ஆடை தாங்கும் பலகை

மனிதன் நாள்தோறும் எடுத்தாளும் பொருள்கள் பயனுடையனவாக இருத்தல் வேண்டும். அவற்றோடு அழகும் சேருமாயின் இல்லம் பொலிவு பெறும். குளிர்நாடுகளில் வெளியே சென்று திரும்புவோர் தம் கனத்த கோட்டுகளை மாட்டிவைக்க, வாயிலருகே முளைகள் பொருத்திய பலகையை அமைப்பர். நம் நாட்டிலோ சட்டை, மேல்துண்டு, குடை, பை முதலியவற்றை மாட்டுவதற்கு அஃது உதவுகின்றது. சுவர்முளை நமக்குப் புதியதன்று. வடமொழியில் ‘நாகதந்தம்’ என்னும் ஒரே சொல் யானையின் தந்தத்தையும் சுவர்முளையையும் குறிக்கும். வளைந்து நீண்ட முளையின் வடிவம் அச்சொல்லால் நன்கு விளங்குகின்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூர் பழம்பெருமை வாய்ந்த ஊராகும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இவ்வூரின் குடவோலை முறையை விளக்குகின்றன. ஏரியைப் பேண ஏரி வாரியமும், தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியமும் இங்கு இருந்தன. இத்தகைய ஏரிப்பாசன ஊர்களில் ஏர், நுகம், வண்டி, கதவு ஆகிய யாவற்றையும் தச்சரே செய்து தந்தனர். உழவு இயந்திரங்கள் பெருகியபின் மர ஏருக்கும் மாட்டுவண்டிக்கும் தேவை குறைந்தது. தச்சரின் வேலையும் குறைந்தது. ஆயினும், தலைமுறை தலைமுறையாக வந்த அவர்தம் அறிவு வீணாகவேண்டுவதில்லை. சிறு மரத்துண்டுகளால் செய்யும் அணிப்பொருள்கள் அவ்வறிவுக்குப் புதுவழி காட்டும். அரும்பாவூர் மரச்சிற்பம் 2020ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றமை மரவேலைக்கு இன்றும் மதிப்புண்டு என்பதற்குச் சான்றாகும்.

பலகைக்கு வேம்பு, பூவரசு, வாகை, மா முதலிய நாட்டு மரங்களே போதும். பச்சை மரத்தை உடனே பயன்படுத்தலாகாது. மரம் உலருங்கால் நீளத்தில் பெரிதும் சுருங்குவதில்லை, அகலத்திலேயே சுருங்கும். ஆகவே, உலராத பலகை பின்னர் வெடிக்கும், அல்லது வளையும். வெளிப்புறத்து வெண்மரத்தைவிட உள்ளிருக்கும் வைரப்பகுதியே உறுதி மிக்கது. 2 அடி நீளமும் 6 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உடைய பலகையில், 4 அங்குலத்திற்கு ஒன்றாக ஐந்து முளைகளை அமைக்கலாம்.

பலகையின் மேல்விளிம்பில் சித்திர வேலை செய்வதற்கு மெல்லிய அலகுடைய சிறு ரம்பம் ஒன்று உண்டு. வில் போன்ற இரும்புச் சட்டத்தின் இரு நுனிகளுக்கிடையே நூலிழை போன்ற அலகு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். அலகு மெல்லியதாதலின் எவ்வளைவிலும் எளிதில் திரும்பும். அதன் பற்கள் கீழ்நோக்கி அமைந்திருத்தல் வேண்டும். கீழே இழுக்கும்போதே மரம் அறுபடும். இதனையே மின்விசையால் இயக்கும் பொறியும் உண்டு. அதில் அலகு மேலும் கீழும் விரைந்தியங்கும். தொழிலாளி மரத்தையே மெல்ல நகர்த்துவார். விரைந்து தள்ளினால் அலகு முறியும். விரல்கள் அலகின் பாதையில் இருத்தலாகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் வேண்டும்.

காஞ்சிப் பட்டின் கரையில் விளங்கும் மாங்காய், அன்னம், மயில் ஆகிய உருவங்களைத் தாளில் வரைந்து பலகைமேல் ஒட்டலாம். உருவின் உட்பகுதியை நீக்குவதற்கு முதலில் ஒரு துளையிட வேண்டும். அலகின் ஒரு முனையைக் கழற்றி, அத்துளை வழியே செலுத்தி, மீண்டும் பூட்டி அறுக்க வேண்டும். மரத்தின் நார் ஓடும் திசையை இங்கு மறத்தலாகாது. மயிலின் கழுத்து நாருக்குக் குறுக்கே மெலிந்து நிற்குமாயின் சிறிது தட்டினும் ஒடிந்துவிடும். அழகுக்காக வலிமையை இழத்தல் நல்ல தச்சர்க்கு இயல்பன்று.

முளைகளுக்குக் கவையாகப் பிரிந்த கிளைகளைத் தேர்ந்தெடுப்பது சிறந்தது. கவையில் நார்கள் அறுபடாமல் தொடர்ந்து ஓடுகின்றன; பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுத்த முளையிலோ அவை இடையே துண்டாகின்றன. இயல்பாக வளைந்த மரத்தையே ஏருக்குத் தேடிய முன்னோரின் நுட்பமும் இதுவே. கவையின் தண்டுப் பகுதியைப் பின்புறம் இழைத்துத் தட்டையாக்கித் திருகாணியால் பலகையில் இறுக்க வேண்டும். மரப்பட்டையை நீக்கிவிட்டால் அதனடியில் பூச்சி அடையாது.

இறுதியில் உப்புத்தாளால் நாரோட்டத்தின் வழியே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் மரத்தின் இயற்கை வரிகள் ஒளிபெறும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தல் தீங்காகும். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதனை வெளியில் விரித்து உலர்த்துதல் வேண்டும்.

கைத்தொழில் வழியே கல்வி புகட்ட வேண்டும் என்னும் கருத்தைக் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாக் கல்வி மாநாட்டில் எடுத்துரைத்தார். ஒரு சிறு பலகையைச் செய்பவர் அளவையும், மரத்தின் இயல்பையும், பொறுமையையும் ஒருங்கே கற்கின்றார். விறகாக எரிய இருந்த கவை, வீட்டின் சுவரில் பல்லாண்டு நின்று பயன் தருகின்றது. பொருளின் மதிப்பு அதன் விலையில் மட்டுமன்று, அதனை ஆக்கும் கையின் அறிவிலும் உள்ளதன்றோ!