இல்லத்து இணையக் கலைச்சொற்கள்

தமிழில் அறிவியற் கலைச்சொல் ஆக்கும் முயற்சியில் சேலத்திற்குத் தனியிடம் உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராசாசி 1916-ஆம் ஆண்டில் இதற்கெனச் சங்கம் ஒன்று நிறுவினார். வேதியியல், கணிதம், வானியல் முதலிய துறைகளுக்குரிய சொற்களை ஆக்குதல் அதன் நோக்கம். நூறாண்டு கடந்த இந்நாளில் சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களிலும் இணையக் கருவி வீடு புகுந்துள்ளது. ஆயின் அதன் தொழில்களைப் பகுத்துணர்த்தும் சொற்கள் உடன் புகவில்லை. 'வைஃபை வரவில்லை' என்னும் ஒரே தொடர் பல்வேறு குறைகளுக்கும் பொதுவாய் வழங்குகிறது. ஆதலின் அச்சொற்களின் பொருளை ஈண்டு வரையறுத்துக் காண்போம்.

வைஃபை என்பது 1999-இல் வணிகத்தின்பொருட்டு இடப்பட்ட பெயர். நம் இலக்கணத்தார் கூறும் இடுகுறியை ஒத்தது. வீட்டுக் கருவிக்கும் கைப்பேசிக்கும் இடையே வானொலி அலையால் அமையும் குறுந்தொலைவு இணைப்பையே அது குறிக்கும், இணையத்தை அன்று. 'அருகலை' என்னும் தமிழாக்கம் இவ்வெல்லையைப் பெயரளவிலேயே காட்டிவிடுகிறது.

மோடம், வெளியிலிருந்து கம்பி வழி வரும் குறிப்பைக் கணினிக்கு ஏற்ற வடிவாக்கியும், கணினியின் குறிப்பைக் கம்பிக்கு ஏற்ற வடிவாக்கியும் தரும் கருவி. ஒளியிழை வந்த வீடுகளில் ஒளிக்குறிப்பை மின்குறிப்பாக்கும் கருவி இவ்விடத்தைப் பெறுகிறது.

ரௌட்டர், வந்த செய்திக்கூறுகளை அவற்றிற்குரிய வழியில் செலுத்துவது. பல ஊர்ச் சரக்குகளை முகவரி நோக்கி வெவ்வேறு லாரிகளில் ஏற்றும் நாமக்கல் சரக்கு நிலையம் இதற்கு உவமையாகும். இதனைத் 'திசைவி' என்பர். திசை என்பது பெயர்ச்சொல்லாதலின், வினையடி இன்றி இச்சொல் எங்ஙனம் பிறந்தது எனத் தடை எழலாம். செலுத்து என்னும் வினையடியாகப் பிறந்த 'வழிச்செலுத்தி' இலக்கணத்திற்கு நன்கு இயைவது. ஆயினும் சுருக்கத்தால் திசைவி பயில்கிறது.

ஐ.பி. முகவரி, ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண். பழைய முறையில் இது 32 இரும இலக்கங்களால் ஆயது. ஆகவே ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையும். அவை போதாமையின், ஒரு வீட்டின் கருவிகள் பலவும் வெளியே ஒரே முகவரியைப் பகிர்கின்றன, வீட்டினுள் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளைத் திசைவி வழங்குதல் பெருவழக்கு. புதிய முறையில் இலக்கங்கள் 128 ஆயின.

எண்ணை நினைவிற் கொள்ளுதல் மக்களுக்கு அரிது. எனவே பெயரைக் கூற எண்ணைத் தரும் டி.என்.எஸ். என்னும் முறை 1983-இல் வகுக்கப்பட்டது. இதனைக் 'களப்பெயர் முறைமை' எனலாம். இன்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாட்டுப் பெயர்களையே தமிழெழுத்தில் இறுதியாகக் கொண்ட இணையப் பெயர்களும் உள.

இவ்வேறுபாடு அறிந்தார்க்குக் குறையின் இடம் புலனாகும். கைப்பேசியில் வீட்டு இணைப்பின் பெயரே தோன்றாவிடில் குறை பெரும்பாலும் அருகலையில் உளது. பெயர் தோன்றியும் எதுவும் இயங்காவிடில் வெளியிணைப்பை ஆராய்தல் வேண்டும். சில செயலிகள் இயங்க, வலைத்தளப் பெயர்கள் மட்டும் திறவாவிடில் களப்பெயர் முறைமையை ஐயுறலாம்.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்று. கலைச்சொல்லாக்கம் அயல் ஒலியை நீக்குதல் மட்டும் அன்று. வேறுபட்ட தொழில்களை வேறு பெயரால் பிரித்துக் காட்டுதலே அதன் முதற்கடன். அயற்சொல்லைத் தமிழெழுத்திற்கு இயைத்து ஏற்கும் நெறியைத் தொல்காப்பியம் வடசொல் பற்றி வகுத்துள்ளது. ஆதலின் மோடம் என்பது அவ்வாறே நிற்பினும் பெரிய இழுக்கில்லை. அருகலை, திசைவி, வெளியிணைப்பு என்னும் மூன்றையும் ஒரு சொல்லில் அடக்குதலே இழுக்கு. சொல் மயங்கின் பொருளும் மயங்கும். அம்மயக்கத்தைத் தீர்த்தல் தமிழ் பயில்வார் பொறியியலார்க்கே விட்டுவிடத் தக்க பணி அன்று.