கித்தாரும் வறண்ட காற்றும்

மேனாட்டு இசைக்கருவியாகிய கித்தார் இக்காலத்தில் நம் நாட்டின் சிற்றூர்களிலும் பயிலப்படுகின்றது. பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் வாங்கப்பெறும் அக்கருவி, ஒரே கோடையில் முகப்புப் பலகை வெடித்துக் கெடுவதுண்டு. அதனைக் காக்கும் முறைகளைக் கூறும் நூல்களோ பெரும்பாலும் குளிர்நாட்டாரால் எழுதப்பட்டவை. பனிக்காலத்தில் எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்று அவை கூறும். அதனை எடப்பாடியில் அவ்வாறே மேற்கொண்டு, மார்கழியில் கருவியைப் போற்றிப் பங்குனியில் சுவரில் தொங்கவிடுவோமாயின், காலம் மாறிக் காவல் செய்தவராவோம்.

குளிர்நாட்டிற் கேடு செய்வது குளிரன்று, வறட்சியே. ஒரு கன மீட்டர் காற்று 0 பாகையில் ஏறக்குறைய 5 கிராம் நீராவியையே தாங்கும். 20 பாகையிலோ 17 கிராம் தாங்கும். வெளியிலுள்ள குளிர்ந்த காற்று வீட்டினுட் புகுந்து கணப்பினாற் சூடேறும்போது, அதிலுள்ள நீராவி மிகாமலே, தாங்கும் ஆற்றல் மட்டும் மிகுகின்றது. ஆகவே ஈரப்பதம் நூற்றுக்கு 30 பங்கிற்கும் கீழே இறங்குகின்றது.

நம் ஊரில் அக்கணப்பின் தொழிலைக் கதிரவனே செய்கின்றான். விடியலில் 24 பாகை வெப்பமும் 70 பங்கு ஈரப்பதமும் உள்ள காற்றே பிற்பகலில் 38 பாகைக்கு ஏறுமாயின், ஈரப்பதம் ஏறக்குறைய 33 பங்காகக் குறையும். மாசிப் பிற்பகுதி முதல் சித்திரை முடிய நாடோறும் இது நிகழத்தக்கது.

எடப்பாடி நெசவிற் பெயர்பெற்ற ஊராதலின் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காற்று வறண்டாற் பாவு நூல் அறுதல் மிகும் என்பதைத் தறியில் அமர்ந்தோர் அறிவர். நூற்பாலைகளிற் காற்றிற்கு ஈரம் ஊட்டுவதும் அதன் பொருட்டே. பருத்தியும் மரமும் ஈரத்தை ஏற்று விடும் இயல்பின.

மரம் ஈரம் இழக்குங்கால் நெடுக்கிற் சுருங்குவது மிகச் சிறிது, குறுக்கிலோ மிகுதி. கித்தாரின் முகப்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமே உடையது. பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் மரத்தாலாயது. அதன் உட்புறத்தே, இழைக்குக் குறுக்காகச் செல்லும் தாங்குகட்டைகள் ஒட்டப்பட்டுள்ளன. பலகை குறுக்கிற் சுருங்க முயல, கட்டைகள் இடங்கொடா. அவ்விழுப்பறியிற் பலகை இழைவழியே பிளக்கின்றது. பிளவிற்கு முன்னரே குறிகள் தோன்றும். கழுத்தின் ஓரத்தை விரலால் தடவினால் உலோக மெட்டுகளின் முனைகள் உறுத்தும்; முகப்பு நடுவிற் குழியும்; தந்திகள் தாழ்ந்து மெட்டுகளில் உரசி இரையும். இவற்றைத் தந்தியின் குற்றமென்று எண்ணிப் புதுத்தந்தி கட்டுவோர் பலர்.

காக்கும் வழி எளிதே. வாசியாத வேளையிற் கருவியைக் கெட்டியான பெட்டியில் வைத்து மூடுதல் வேண்டும். துளையிட்ட சிறு சோப்புப் பெட்டியொன்றில் நனைத்து நன்கு பிழிந்த பஞ்சை இட்டு, மரத்தில் நீர் படாதவாறு உள்ளே வைக்கலாம். சன்னல் திறந்த அறையில் நீர்ப்பானை வைப்பதாற் பயனில்லை. ஈரம் காற்றோடு போய்விடும். எண்ணெய் பூசுவதும் ஈரம் ஊட்டுவதாகாது.

பெட்டியினுள் ஈரப்பதம் 45 முதல் 55 பங்கு வரை இருத்தல் நன்று. அதனைக் காட்டும் சிறுமானி சில நூறு ரூபாயிற் கிடைக்கின்றது. ஆனால் விலைகுறைந்தவை பொய்யுரைப்பதுமுண்டு. சமையலுப்பைச் சிறிது நீரிற் குழைத்து, மானியுடன் ஒரு டப்பியிலிட்டு இறுக மூடி, ஓரிரவு கழித்துப் பார்க்க. அது 75 காட்டுதல் வேண்டும். காட்டாவிடின் வேறுபாட்டைக் குறித்துவைத்துக் கணக்கிற் கொள்ளலாம்.

நமது தஞ்சாவூர் வீணைக்கு வேறோர் இடரும் உண்டு. அதன் 24 மெட்டுகளும் மெழுகிற் பதிக்கப்பட்டிருத்தலின், கடும் வெப்பம் படின் இளகி நிலைபெயரும். ஈரப்பஞ்சு அதற்கு உதவாது, நிழலே உதவும்.

ஐப்பசி மழை தொடங்கியபின் பஞ்சைப் பெட்டியினின்று எடுத்துவிடுக. ஈரம் மிகுந்தால் முகப்பு உப்பித் தந்திகள் உயரும். பெட்டியிற் பூசணமும் பிடிக்கும்.